பதினைந்தடிச் சுவர்

போன மாதம் போடிமெட்டுப் பக்கத்துக் கோயிலிலிருந்து புது உபதேசியார் எனக்குப் போன் செய்தார். நான் இருபத்தெட்டு வருடம் உபதேசியாராக, போதகருக்கு உதவியாக, இருந்த சபைக் கோயில் அது. ஓய்வு பெற்று வண்டிப்பெரியாரில் அஞ்சு சென்ட் நிலத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அங்கிருந்து போன் வந்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். ஏதோ யோசனை கேட்கிறார் என்று நினைத்தேன். வந்தது புகார்.

"ஐயா, கமிட்டியில ரெண்டு தீர்மானம் போட்டோம். திருவிருந்துக்குப் பேர் குடுக்கிறத இனி வாட்சப் குரூப்புல வச்சுக்கிறலாம்னு ஒண்ணு. கல்லறத் தோட்டத்துச் சுவருல கீழ்ப்பக்கம் விட்டுப்போன பதினஞ்சடியக் கட்டி முடிச்சிரலாம்னு ஒண்ணு. மொத தீர்மானத்துக்கு யாரும் மறுத்துப் பேசல. ரெண்டாவதுக்குச் செல்லத்துரை ஐயா எந்திரிச்சு நின்னுக்கிட்டு, நான் இருக்கிற வரைக்கும் அதுல ஒரு கல்லு வைக்கக் கூடாதுன்னுட்டாரு. மத்த சுவரு பூரா அவரு கட்டுனதுதானாமே? மாடு உள்ள வருதுன்னு சொன்னா, வந்தா வரட்டும்ங்கிறாரு. அவருக்கு என்னதான்யா ஆச்சு?"

"அது பெரிய கதை தம்பி" என்று நான் தொண்டையைச் செருமினேன்.

"ஐயா, சார்ஜ் தீரப்போகுது" என்று அவர் வைத்துவிட்டார். என் பிரசங்கத்தின் நீளம் அங்கே இன்னும் பேச்சாக இருக்கிறது போல. அதனால் எழுதுகிறேன். பாதியில் கீழே வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பாவுக்கு ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. பத்தாவது முடித்ததும் என்னைக் கீழ்நாட்டுக்கு உபதேசியார் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம். பாட்டு எடுத்துக் கொடுக்க, அடக்க ஆராதனை நடத்த, ஞானப்பாடம் சொல்லித்தர எல்லாம் அங்கே படித்ததுதான். மனிதனுக்கு இரட்சிப்பு எதனால் என்று ஆசிரியர் கேட்பார். விசுவாசத்தினால், நம்முடைய நற்கிரியைகளால் அல்ல என்று முப்பது பேரும் ஒரே குரலில் சொல்வோம். அதில் என் குரல்தான் பெரிசு. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். அந்தப் பதிலுக்கு அர்த்தம் தெரிய எனக்கு இருபது வருடம் பிடித்தது.

பேர் கொடுக்கிற வழக்கத்தை வெளியாட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. ஆண்டவர் நமக்காக மரித்ததை நினைத்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற ஆராதனை அது. அதில் பந்திக்கு வருகிறவர்கள் முன்னதாகவே உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். வேலை விட்டு ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் நான் நோட்டோடு கிளம்புவேன். பேனா எடுத்துப் போவதில்லை, பென்சில்தான். எங்கள் சாரலில் பேனா எழுத்து வீடு வந்து சேர்வதற்குள் ஊதாத் தண்ணீராகிவிடும். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி கேட்பேன்: "யாரோடயாவது மனத்தாங்கல் உண்டா?" இல்லை என்றால் பேர் ஏறும். உண்டு என்றால், தப்புச் செய்தவர் அந்த ஆளின் வீட்டுக்கு நேரே போய்ச் சமாதானம் பேசிவிட்டுத்தான் பேர் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆள் தூது போகக் கூடாது.

அந்த வாரம் குழாயடியில் பேச்சு மெதுவாக இருக்கும். போன வாரம் குடத்தால் இடித்துக்கொண்ட இரண்டு பெண்கள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒருத்தி வீட்டில் ஒருத்தி காப்பி குடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதும் உண்டு. அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் மாதத்துக்கு ஒரு நாளாவது லயம் முழுக்கச் சமாதானமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அதில் ஐயர் பட்டியலை வாசிப்பார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். நான் சொல்லப்போகிற காலத்தில் இருந்தவர் தங்கராஜ் ஐயர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூன்று கோயிலுக்கு அவர் ஒருவரே. மெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையும் துணிப்பையுமாக நடந்து வருவார். குரல் உயர்த்தியதே இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தையில் ஆள் தானே தன் குட்டை உடைத்துவிடுவான். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைப்பார். ஒவ்வொரு பேரை வாசித்ததும் அந்த முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவார். நாற்பது பேர் பட்டியலுக்கு அரைமணி நேரமாகும். சரியான இழுவை என்று நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டதுண்டு.

செல்லத்துரை அண்ணன் ஜீப் டிரைவர். எங்கள் லயத்திலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிப்போவார். பத்துப் பேர் ஏறுகிற வண்டியில் பதினெட்டுப் பேர். ஒரு நாள், முந்தின நாள் கல்யாண வீட்டில் குடித்தது தெளியாமலே வண்டியை எடுத்தார். பனி மூடிய ஒரு வளைவில் ஜீப் உருண்டது. பலருக்குக் கை கால் போனது. ஞானம்மாள் என்கிற பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அவளுடைய மகள் புஷ்பத்துக்கு அப்போது பதினேழு வயது. அவளும் அதே வண்டியில்தான் இருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

செல்லத்துரை அண்ணன் கோர்ட்டில் தன் தப்பை ஒத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்த வாரமே கோயிலுக்கு வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வாசலுக்கு எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று ஆராதனை முழுவதும் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அதே மரத்தடிதான், மழையானாலும் சரி, பனியானாலும் சரி.

சும்மா நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்துப் புல்லை அவர்தான் வெட்டுவார். ஞானம்மாளின் கல்லறையில் ஒரு களைகூட முளைக்க விடமாட்டார். யாராவது இறந்தால் குழி வெட்ட அவர். மழைக்காலத்தில் கூரைக்கு நீலப் படுதா போட அவர். அதோடு, காட்டுப்பன்றி வந்து குழிகளைக் கிளறுகிறது என்று கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கல் சுவர் கட்டவும் தொடங்கினார். ஓடையிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தோளில் சுமந்து வந்து கட்டினார். கோயிலில் எந்த வேலை வந்தாலும் "செல்லத்துரை இருக்கான்ல, பாத்துக்கிருவான்" என்போம். நானும்தான் சொன்னேன். சம்பளமும் வாங்காமல் மறுபேச்சும் பேசாமல் வேலை செய்கிற ஒரு பாவி ஒரு கோயிலுக்குக் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாவது வருடம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவிருந்து ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அந்த வாரம் நான் நோட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மனுஷன் அந்த நிலையிலும் மண் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மாசமாவது பேர் குடுங்க."

"இன்னும் சுவரு முடியலையே உபதேசியாரே. கீழ்ப்பக்கம் பதினஞ்சடி கெடக்கு."

"சுவருக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கியது.

"எனக்கு அதுதானே இருக்கு. இது முடிஞ்சா உள்ள வர்றதுக்கு ஒரு மொகம் கெடைக்கும்னு இருந்தேன். செவ்வாக்கெழம போய் அங்கனயே முடிஞ்சு போச்சுன்னா, பாதிச் சுவரோட போயி ஆண்டவரு முன்னால எப்பிடி நிப்பேன்?"

நற்கிரியையால் அல்ல என்று முழு மார்க் வாங்கியவன் நான். இருபது வருடமாக ஞாயிறு பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்தவன். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "சுவர நாங்க கட்டிக்கிறோம்ணே, நீங்க கவலப்படாதீங்க." ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அவர் முகம் செத்துவிட்டது. "அதையும் எடுத்துக்கிட்டீங்கன்னா எங்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கல்லைத் தூக்கினார்.

திரும்பி நடந்தேன். அழுகை முட்டியது. அவர் நம்பிக்கை இல்லாமல் ஆபரேஷன் மேஜைக்குப் போகப்போகிறார், அதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, அவர் கொடுக்காத பேரை நானே பட்டியலில் எழுதிவிட்டேன். கடைசியில் எழுதினேன். ஐயர் வாசித்துவிட்டால், எல்லார் முன்னாலும் பேர் வந்துவிட்டால், அண்ணன் மறுக்க முடியாமல் உள்ளே வந்துவிடுவார் என்று ஒரு கணக்கு. உபதேசியார் வேலையில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. கேள்வி கேட்காமல் யார் பேரையும் ஏற்றக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வழக்கம்போல நிதானமாக வாசித்துக்கொண்டு வந்தார். புஷ்பத்தின் பேர் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். மேலும் பத்துப் பேர்களை வாசித்தார். பிறகு "செல்லத்துரை" என்றார்.

முகத்தைத் தேடினார். கோயிலுக்குள் இல்லாத முகம் அது. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. மரத்தடியில் அண்ணன் கையில் மண்ணோடு, தன் பேர் காதில் விழுந்த அதிர்ச்சியில் நின்றுகொண்டிருந்தார். அப்போது மூன்றாவது வரிசையில் புஷ்பம் எழுந்தாள். தாயைக் கொன்றவன் பேரை வாசித்தால் மகள் சும்மா இருப்பாளா என்று நினைத்தேன்.

"ஐயா, அந்தப் பேரு அவரு குடுத்ததா இருக்காது" என்றாள்.

"எப்படிம்மா சொல்லுத?"

"குடுத்திருந்தா மொதல்ல எங்க வீட்டுக்கு வந்திருப்பாரு. ஒம்பது வருசமா எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் வரல."

எனக்குத் தலையில் யாரோ தட்டியது போலிருந்தது. அவள் மன்னிக்க மாட்டாள் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஒன்பது வருடமாக மாதாமாதம் அவள் வாசலில் நின்று, யாரோடயாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்டிருக்கிறேன். யாரோடயும் இல்லை என்பாள். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். மரத்தடியில் நிற்கிறவர் அந்தக் கேள்விக்குள் வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அந்தப் பேர நான்தான் எழுதுனேன். அவரு குடுக்கல."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "அப்புறம்?"

"ஆபரேசனுக்கு முந்தி எப்படியாவது உள்ள வந்துரட்டும்னு…"

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லைய்யா. தப்பு."

அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் புஷ்பம் வரிசையை விட்டு வெளியே வந்து, வாசலைத் தாண்டி, மரத்தடிக்கே போய்விட்டாள். சபை முழுவதும் அவள் பின்னால் வாசலுக்கு வந்து நின்றது. ஐயரும் நானும் படியில் நின்றோம்.

"மாமா" என்று அவள் கூப்பிட்டாள். ஜீப்பில் ஏறுகிற காலத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "எங்கம்மா கல்லறைக்கு உங்களுக்கு வழி தெரியுது. எங்க வீட்டுக்கு வழி தெரியலையா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எந்த மொகத்தோடம்மா வர?"

"இருக்கிற மொகத்தோட வர வேண்டியதுதானே? வேற மொகத்துக்கு எங்க போவீங்க?"

"சுவரு முடியட்டும்னு இருந்தேன் தாயி."

"சுவரு முடிஞ்சா எங்கம்மா எந்திரிச்சு வந்துருவாளா?" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "அவ ஒரு நா எந்திரிக்கத்தான் போறா மாமா. அது நிச்சயம். ஆனா ஒங்க சுவத்தால இல்ல, ஆண்டவரு எழுப்புறதுனால. அவள எழுப்புறவருக்கு ஒங்கள எழுப்ப முடியாதா? கல்லக் கீழ போட்டுட்டு மன்னிப்புக் கேளுங்க. நான் குடுக்கத்தானே காத்துக்கிட்டு இருக்கேன்!"

செல்லத்துரை அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து கேட்டார். என்ன வார்த்தையில் கேட்டார் என்று எனக்குத் தெரியாது, ஒரே அழுகை. புஷ்பம் குனிந்து அவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். நான் படித்த பயிற்சிப் பள்ளியின் இரண்டு வருடமும், நான் செய்த பிரசங்கங்கள் அத்தனையும், ஏலக்காட்டில் காய் எடுக்கிற அந்தப் பெண் சொன்ன நாலு வாக்கியத்துக்கு முன்னால் நிற்காது. நற்கிரியையால் அல்ல என்பதற்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஐயர் பட்டியலையும் என் பென்சிலையும் வாங்கினார். நான் எழுதியிருந்த பேரை அடித்தார். "செல்லத்துரை, யாரோடயாவது மனத்தாங்கல் உண்டா?"

"இல்லைய்யா."

"பேர் குடுக்கீரா?"

"குடுக்கிறேன்யா."

எழுதினார். புஷ்பம் முன்னால் வந்து, "என் பேரையும் அடிச்சிட்டு மறுபடி எழுதுங்கய்யா. இத்தன நாளா உபதேசியாருகிட்டப் பொய் சொல்லிருக்கேன்" என்றாள். அதையும் அடித்து எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உம்ம பேரு எங்கவே?"

"நான் என் பேர எழுதுறது இல்லைய்யா. உபதேசியார்தானேன்னு…"

"உம்மகிட்ட இந்தக் கேள்விய யாரு கேட்டா இத்தன வருசமா?"

"யாரும் கேக்கலைய்யா."

கேட்டார், அங்கேயே, எல்லார் முன்னாலும். நான் செல்லத்துரை அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே, ஒம்பது வருசமா உங்ககிட்ட வேல வாங்கிட்டேன். போதும், உள்ள வாங்கன்னு ஒரு நாளும் மனசாரச் சொல்லல. மன்னிச்சிருங்க." அவர் என் தோளைத் தொட்டார், மண் கையோடு. என் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. பட்டியலில் என் பேர் கடைசியாக ஏறியது.

மறுநாள் திருவிருந்தைப் போல அந்தக் கோயில் அதற்கு முன்னாலும் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை. செல்லத்துரை அண்ணன் கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டையோடு வாசற்படி ஏறினார். படியில் ஒரு நிமிடம் நின்றார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. தானாகவே காலெடுத்து வைத்தார். பந்தியில் அவரும் புஷ்பமும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிட்டார்கள். கல் சுமந்து வெடித்த அந்த உள்ளங்கையில் ஐயர் அப்பத்தை வைத்தார். தன் இன்னொரு கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். அவர்கள் இருவரையும் பார்த்தபடியே நின்றுவிட்டேன். பின் வரிசையில் யாரோ எடுத்தார்கள், பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, அந்தச் சத்தமே காதில் விழவில்லை. அப்படிப் பாடினோம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் புஷ்பமும் கூடப் போனாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணன் என்னைப் பார்த்து, "எப்பிடி ஆனாலும் சரி உபதேசியாரே, நான் வீட்டுக்குத்தான் போறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எனக்கும் பயம் விட்டுப்போயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பிய அன்று அவர் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனார். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு ஆளை வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம். இதக் கட்டி முடிக்காமலே ஆண்டவரு என்னைய உள்ள விட்டாருல்ல? இது இப்பிடியே கெடக்கட்டும். எனக்கு மறந்து போச்சுன்னா வந்து பாத்துக்கிறேன்."

புது உபதேசியார் தம்பிக்கு இதுதான் பதில். பேரை வாட்சப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கேள்வியை மட்டும் வாசலுக்குப் போய்க் கேளுங்கள், உங்களிடம் கேட்கவும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நேற்று அவருக்குப் போன் செய்தேன். இந்த முறை அவருக்குச் சார்ஜ் இருந்தது. குரூப்பில் முதல் பேர் யார் கொடுத்தது என்று கேட்டேன். செல்லத்துரை ஐயா என்றார். எழுபது வயசுக்காரருக்கு எழுத்துத் தட்ட வராது, புஷ்பத்தின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் போனில் பேசி அனுப்பியிருக்கிறார். அந்தப் பதிவைத் தம்பி எனக்கும் போட்டுக் காட்டினார். பின்னால் புஷ்பம் சிரிப்பது கேட்கிறது. அண்ணனின் குரல் கணீரென்று இருக்கிறது:

"தம்பி, செல்லத்துரை பேசுறேன். என் பேர எழுதிக்கங்க. சுவரக் கட்டிராதீங்க."